வயிறா மார்பா: பித்தளை வாத்தியக்காரர்களின் மூச்சு பற்றி

1

ஜான் பப்திஸ்த் அர்பான் 1864இல் பாரிஸில் வெளியிட்ட கார்னெட் பாடநூல் இன்றும் அச்சில் இருக்கிறது. ட்ரம்பெட் கற்கிறவன் எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் என்றாவது ஒரு நாள் அந்தத் தடித்த புத்தகத்தைத் தன் முன் விரித்து வைத்தாக வேண்டும். ட்ரம்பெட்காரர்களின் பைபிள் என்றே அதற்குப் பெயர். அதன் முன்பகுதியில், மூச்சை எப்படி எடுப்பது என்று சொல்லும் சில வரிகள் உண்டு. காற்றை உள்ளிழுக்கும்போது வயிறு புடைக்கலாகாது, மார்பு விரிய விரிய வயிறு மேலேற வேண்டும் என்பது அவ்வரிகளின் சாரம்.

இன்றைய ஆசிரியர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்வார்கள். ஆனாலும் மாணவன் கையில் கொடுப்பது இதே புத்தகத்தை. பயிற்சிகளை வாசி, மூச்சைப் பற்றிய வரிகளை விட்டுவிடு என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தம். வேதத்தின் மந்திரங்களை வைத்துக்கொண்டு அதன் விளக்கத்தைக் கைவிடுவது போன்ற காரியம் இது. ஒரு மாபெரும் வாசிப்பாளன் தன் உடம்பைப் பற்றியே தவறாக எழுதியிருக்க முடியுமா? முடியுமென்றால், அவன் வாசிப்பு எப்படிச் சரியாக இருந்தது? இந்தக் கேள்வி வாத்தியக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதால்தான் இந்தக் கட்டுரையை இங்கே எழுதுகிறேன்.

பித்தளை வாத்தியம் என்று நான் சொல்வது உலோகத்தைக் கருதி அல்ல. நாகஸ்வரத்தில் சீவாளி செய்கிற வேலையை ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், ட்யூபா ஆகியவற்றில் வாசிப்பவனின் உதடுகளே செய்கின்றன. நம் கோயில்களின் எக்காளமும் கொம்பும் இந்த இனம். ஸாக்ஸஃபோன் பித்தளையால் ஆனதாயினும் நாணல் துண்டால் ஒலிப்பது. ஆகவே இந்த இனம் அல்ல. அதிர்கிற பொருளே வாசிப்பவனின் சதை என்பதால், இங்கே கருவி எங்கே முடிகிறது உடம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது சிரமம். வயலின்காரன் தந்தியை மாற்றிக்கொள்ளலாம். ட்ரம்பெட்காரனுக்கு அந்த வசதி இல்லை. உடம்பைப் பற்றிய பேச்சு இந்த வாத்தியங்களைச் சுற்றி இவ்வளவு மண்டிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

2

முதலில் உடம்பு. நுரையீரலுக்குத் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது. அதைச் சுற்றியுள்ள கூடு பெரிதாகும்போது அதுவும் விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. கூட்டைப் பெரிதாக்கும் முக்கியமான தசை உதரவிதானம். நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே இரட்டைக் குவிமாடம்போல் கவிந்து, கீழ் விலாக்களிலும் முள்ளந்தண்டின் இடுப்புப் பகுதியிலும் பற்றியிருக்கும் தசை அது. சுருங்கும்போது கீழே இறங்குகிறது. கீழே இருக்கும் குடலும் ஈரலும் எங்காவது போயாக வேண்டும். முன்பக்கம் தள்ளிக்கொண்டு வருகின்றன. வயிறு புடைப்பது இதனால்தான். வயிற்றுக்குள் காற்று போவதில்லை. நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் சற்று மேலே இருக்கிறது. அதன் அடி உதரவிதானத்தோடு முடிந்துவிடுகிறது.

மூச்சை வெளிவிடும்போது உதரவிதானம் தளர்ந்து மேலே ஏறுகிறது. அது உள்ளிழுக்கும் தசை. வெளியே தள்ளும் தசை அல்ல. அதன் அசைவை நேராக உணர்வதும் நமக்கு அநேகமாக முடியாத காரியம். நாம் உணர்வதெல்லாம் வயிற்றுச் சுவரின் இறுக்கத்தையும் விலாவின் விரிவையும்தான். ஆனால் உதரவிதானத்தால் ஊது என்ற கட்டளை 20ஆம் நூற்றாண்டு முழுவதும் பயிற்சி அறைகளில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. 1946இல் ரான், ஓட்டிஸ், சாட்விக், ஃபென் என்ற 4 அமெரிக்க உடலியலாளர்கள் நெஞ்சின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவை வரைபடமாக்கினார்கள். மூச்சை முழுக்க இழுத்துத் தசைகளை அப்படியே தளர்த்திவிட்டால், விரிந்த நுரையீரலும் விலாக்கூடும் ரப்பரைப்போல் தம் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கின்றன. அந்த இழுப்பு மட்டுமே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீர்க்கம்பத்தின் அழுத்தத்தைத் தந்துவிடும். சாதாரணப் பேச்சுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். ட்ரம்பெட்டில் உச்ச ஸ்தாயியைப் பலமாக வாசிக்க 100 சென்டிமீட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும்.

இந்த எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. முழு மூச்சு எடுத்துக்கொண்டு ஹார்னில் மெல்லிய தாழ்ந்த ஸ்வரம் ஒன்றைத் தொடங்குகிறவன் காற்றைத் தள்ளவேண்டியதே இல்லை. மாறாக, அது தானாகப் பீறிட்டு வராதபடி உள்ளிழுக்கும் தசைகளால் தடுத்துப் பிடிக்க வேண்டும். அதே ஸ்வரம் நீண்டு மூச்சு தீரும் தறுவாயில் அவன் வயிற்றுத் தசைகளால் பிழிந்து தள்ளவேண்டியிருக்கும். கேட்பவன் காதில் விழுவது ஏற்ற இறக்கமில்லாத ஒரே நீண்ட ஒலி. உள்ளேயோ ஒரு கணத்தில் இருந்த வேலைப்பங்கீடு மறு கணத்தில் இல்லை. இப்படி இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை வயிற்றை இறுக்கு, மார்பைத் தூக்கு என்ற ஒற்றைக் கட்டளைக்குள் எப்படி அடைப்பது? ஆனால் வரலாறு நெடுகிலும் செய்யப்பட்டது அதுதான்.

3

அர்பானின் வரிகள் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பாரிஸ் கன்ஸர்வத்வார் 1795இல் தொடங்கப்பட்டது. அதன் வேர், புரட்சிக் காலத்துத் தேசியக் காவற்படையின் பேண்டு வாத்தியக்காரர்களுக்காக நடந்த பள்ளியில் இருந்தது. புதிய குடியரசு எல்லாவற்றையும் அளந்து வரையறுத்ததைப்போல, இந்த ஸ்தாபனமும் ஒவ்வொரு கலைக்கும் அதிகாரபூர்வமான பாடநூல் ஒன்றை வெளியிட்டது. குடியரசு நாட்காட்டியின் 12ஆம் ஆண்டில், அதாவது 1803-04இல், வாய்ப்பாட்டுக்கான நூல் வந்தது. பேசும்போது எடுக்கும் மூச்சு வேறு, பாடும்போது எடுக்கும் மூச்சு வேறு என்று அது பிரித்தது. பாடுகிறவன் உள்ளிழுக்கும்போது வயிற்றைத் தட்டையாக்கி மேலேற்றி, மார்பை முன்தள்ளி விரிக்க வேண்டும் என்றது.

மார்பு முன்னே, வயிறு உள்ளே. அணிவகுப்புச் சிப்பாய்க்குச் சொல்லப்படுவதும் இதுவேதான். பள்ளியின் பிறப்பையும் அதன் பாடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, கலைஞனுக்கு விதிக்கப்பட்ட மூச்சில் ராணுவ நிமிர்வின் சாயல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான். ஆனால் ஓர் உடல்நிலை அழகானது, கண்ணியமானது என்று ஒரு காலம் முடிவு செய்துவிட்டால், அது ஆரோக்கியமானது என்றும் கலைக்கு உகந்தது என்றும் சொல்ல அதிக நாள் ஆவதில்லை.

1855இல் லூயி மான்டல் என்ற மருத்துவர் இந்தப் போதனையைத் தாக்கினார். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் தொழில் செய்தவர். காறை எலும்பைத் தூக்கி எடுக்கும் மூச்சு குரலைக் களைப்படையச் செய்கிறது, வயிறு அசையும் மூச்சே தகும் என்பது அவர் வாதம். பாட்டு ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அந்தச் சண்டை அடுத்த அரை நூற்றாண்டுக்கு நீடித்தது. அர்பான் 1841இல் கன்ஸர்வத்வாரில் மாணவனாகச் சேர்ந்தவர். மான்டலின் கட்டுரைக்கு 9 ஆண்டுகளுக்குப் பிறகு தன் நூலை வெளியிட்டபோதும் தான் படித்த பள்ளியின் பழைய கொள்கையையே எழுதினார். 1818இல் ஷ்டோல்ட்ஸலும் ப்ளூமலும் பிரஷ்யாவில் வால்வுக்கு உரிமம் பெற்றதிலிருந்து பித்தளை வாத்தியங்கள் புதுப்பிறவி எடுத்திருந்தன. அர்பானின் நூல் அந்தப் புதுப்பிறவிக்கான இலக்கணம். இலக்கணம் புதிது, அதற்குள் இருந்த மூச்சு மட்டும் 60 வருஷப் பழையது.

20ஆம் நூற்றாண்டில் வயிற்றுக் கட்சி வென்றது என்று பொதுவாகச் சொல்லலாம். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கும் பயிற்சி எங்கும் பரவியது. வெற்றி பெற்ற கொள்கைகளுக்கு நேரும் கதி இதற்கும் நேர்ந்தது. வயிறு அசைய வேண்டும் என்பது வயிறு இறுக வேண்டும் என்று மாறியது. வயிற்றைக் கல்லாக்கிக்கொண்டால் மூச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாக மாணவன் நினைத்தான். இறுக்கம் என்பது வேலை நடப்பதன் அறிகுறி அல்ல. இழுக்கும் தசையும் தள்ளும் தசையும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். கூடவே தொண்டைவாசலும் மூடிக்கொண்டால், பளு தூக்குகிறவனும் பிரசவிக்கிறவளும் செய்கிற முக்கல் அது. பொலோனியா நகரத்து உடற்கூற்று அறிஞர் வால்ஸல்வாவின் பெயரால் அதை மருத்துவத்தில் குறிப்பிடுகிறார்கள். மாணவன் முகம் சிவக்கிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒலி மட்டும் வரவில்லை. ஆசிரியர் இன்னும் ஆதாரம் வேண்டும் என்கிறார்.

மார்புக் கட்சியும் அழிந்துவிடவில்லை. கார்னெட் மேதை ஹெர்பர்ட் கிளார்க்கிடம் பயின்ற க்ளாட் கோர்டன், மார்பு உயர்ந்தே இருக்கவேண்டும் என்று அமெரிக்காவில் கடைசிவரை போதித்தார். 1987இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே, பித்தளை வாத்தியம் வாசிப்பது ஆழ்ந்து மூச்சு விடுவதைவிடக் கடினமல்ல என்பது. அவர் மாணவர்களும் நன்றாகவே வாசித்தார்கள். வயிற்றுக்காரர்களின் மாணவர்களும் நன்றாகவே வாசித்தார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கான விடை 1967இல் கிடைத்தது. கொன்னோ, மீட் என்ற இருவர் நெஞ்சுச் சுவரை இரண்டு பகுதிகளாகக் கொண்டு தனித்தனியே அளந்தார்கள். ஒன்று விலாக்கூடு, மற்றொன்று வயிறு. நுரையீரலுக்குள் வரும் காற்றின் அளவு இவ்விரண்டும் பெயர்வதன் கூட்டுத்தொகை. ஒன்று குறைந்தால் மற்றது ஈடு செய்யலாம். அதே 2 லிட்டர் காற்றை அதிக வயிறும் குறைந்த மார்புமாகவும் எடுக்கலாம். அதிக மார்பும் குறைந்த வயிறுமாகவும் எடுக்கலாம். 160 வருஷச் சண்டை ஒரு சமன்பாட்டின் இரு உறுப்புகளில் எது உயர்ந்தது என்பதைப் பற்றியதாகப் போயிற்று.

4

அளவிடுதல் இங்கே நல்லது செய்தது. ஆனால் அளவிட்டவர்களின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அளவுகள் அல்ல. தவறு வெளிப்பட்டபோது மனிதர்கள் நடந்துகொண்ட விதம்.

ஃபிலிப் ஃபார்க்கஸ் சிகாகோ ஸிம்ஃபனியில் முதல் ஹார்ன் வாசித்தவர். 1956இல் ஹார்ன் கலை பற்றியும் 1962இல் பித்தளை வாத்தியங்கள் அனைத்தையும் பற்றியும் நூல் எழுதினார். காற்று உதடுகளிலிருந்து நேராக மவுத்பீஸின் துளைக்குள் பாயவேண்டும், அதற்குக் கீழ்த்தாடையை முன்னே கொணர்ந்து மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராக நிற்கச் செய்யவேண்டும் என்பது 1962 நூலின் போதனை. தர்க்கத்துக்குப் பொருந்துகிற போதனை. குழாயில் தண்ணீர் விடுகிறவன் குழாய்க்கு நேராகத்தான் விடுவான்.

1970இல் அதே ஃபார்க்கஸ் 40 தேர்ந்த ஹார்ன் கலைஞர்களின் உதடுகளைப் புகைப்படம் எடுத்துத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். 39 பேரிடம் காற்று கீழ்நோக்கிப் பாய்ந்தது. மீதி ஒருவரிடம் மேல்நோக்கி. நேராக ஊதியவர் ஒருவர்கூட இல்லை. தன் போதனை தவறு என்பதற்கான சான்றைத் தானே தேடித் திரட்டித் தன் பெயரிலேயே அச்சிட்ட மனிதர் அவர். நம் விமர்சன உலகில் இதற்கு இணையாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள் என்றால் நான் சற்றுத் திணறுவேன்.

1964இல் அரென்ட் பவ்ஹைஸ் காற்று வாத்தியக்காரர்களின் நுரையீரல் அளவுகளையும் மூச்சின் போக்கையும் ஆராய்ந்து வெளியிட்டார். 1985இல் வாட்ஸன், ஹிக்ஸன் என்ற இருவர் பயிற்சி பெற்ற 6 பாடகர்களின் விலா, வயிற்று அசைவுகளைப் பதிவு செய்தார்கள். கூடவே, நீங்கள் எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பதிவுக்கும் பதிலுக்கும் பொருத்தம் மிகக் குறைவு. பாடகன் வர்ணித்தது ஒன்று, அவன் உடம்பு செய்தது வேறொன்று. பொய் சொல்லவில்லை, அவனுக்கு அப்படித்தான் தோன்றியது. 2010களில் ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் பீட்டர் இல்டிஸும் யென்ஸ் ஃபிராமும் ஹார்ன் வாசிப்பவனின் வாய்க்குள் நடப்பதைக் காந்த அதிர்வுப் படக்கருவியால் ஓடும் படமாகவே எடுத்தார்கள். ஸ்தாயி ஏற ஏறத் தேர்ந்த கலைஞனின் நாக்கு உயர்ந்து வாயறை சுருங்குவது அதில் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாக வாசித்தவர்கள் செய்துவந்த இந்தக் காரியத்தைக் கண்ணால் காண 2 நூற்றாண்டுகள் ஆயின.

5

உணர்வு ஏமாற்றும் என்பதை இந்தக் கருவிகள் ஒன்றும் இல்லாமலே கண்டுகொண்டவர் ஒருவர் உண்டு. ஃப்ரெட்ரிக் மத்தியாஸ் அலெக்ஸாண்டர் 1869இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். ஷேக்ஸ்பியரை மேடையில் ஒப்பிப்பது தொழில். மேடையில் குரல் கம்மத் தொடங்கியது. மருத்துவர் ஓய்வு சொன்னார். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் மறுபடி கம்மும். அப்படியானால் மேடையில் நான் செய்கிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று முடிவு கட்டி, கண்ணாடிகளை வைத்துக்கொண்டு தன்னையே பார்க்க ஆரம்பித்தார். பேசத் தொடங்குமுன்பே தலை பின்னால் சாய்கிறது, குரல்வளை அமுங்குகிறது, மூச்சு வாய்வழியே விக்கலோடு உள்ளே போகிறது. சரி, தலையை முன்னே கொண்டுவருவோம் என்று முயன்றார். முன்னே கொண்டுவந்ததாகவே உணர்ந்தார். கண்ணாடியில் தலை முன்னைவிடப் பின்னே போயிருந்தது.

இந்தக் கணம்தான் அவருடைய முறையின் பிறப்பு. சரியானது எது என்று நமக்குத் தோன்றுவது, நமக்குப் பழக்கமானது எது என்பதைத் தவிர வேறல்ல. எனவே நேராகத் திருத்துவது வீண். முதலில் பழைய எதிர்வினையைச் செய்யாமல் நிறுத்த வேண்டும். இலக்கின் மேல் பாய்வதை விட்டு வழியைக் கவனிக்க வேண்டும். 1904இல் லண்டன் போனார். மூச்சுக்காரர் என்றுதான் முதலில் அங்கே பெயர் பெற்றார். டூயியும் ஹக்ஸ்லியும் ஷாவும் அவரிடம் பாடம் கேட்டார்கள். 1973இல் நோபல் பரிசு பெற்ற டின்பர்கன் தன் பரிசுரையில் ஒரு கணிசமான பகுதியை அவருக்கு ஒதுக்கினார். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூஸிக், நியூயார்க்கின் ஜூலியர்ட் போன்ற பள்ளிகளில் அவர் முறை பாடமாயிற்று. வாத்தியத்தை நோக்கித் தலையைக் கொண்டுபோகாதே, வாத்தியத்தை உன்னிடம் கொண்டுவா என்று இன்று எல்லாப் பித்தளை ஆசிரியர்களும் சொல்கிறார்களே, அதன் பின்னால் இந்தக் கண்ணாடிகள் இருக்கின்றன.

அவருக்கு எதிர்முனையில் நிற்பவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். 1915இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர், 1944 முதல் 1988 வரை சிகாகோ ஸிம்ஃபனியில் ட்யூபா வாசித்தவர், 1998இல் காலமானார். ஃபார்க்கஸோடு ஒரே மேடையில் அமர்ந்தவர். ட்யூபாவுக்குக் காற்று மிக அதிகமாக வேண்டும்; அழுத்தம் குறைவு, ஓட்டம் பெரிது. அவருக்கோ ஆஸ்துமா. வயது ஏற ஏறக் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்தது. குறைந்த காற்றை வைத்துக்கொண்டு பெரிய வாத்தியத்தை வாசிக்க வேண்டியிருந்த மனிதர், மூச்சைப் பற்றி இசைக்கலைஞர்களில் யாரும் அறிந்திராத அளவுக்கு அறிந்துகொண்டார். உடற்கூற்று நூல்களைப் படித்தார். அவருடைய பாட அறையில் ஸ்பைரோமீட்டர்களும் அழுத்தமானிகளும், ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் பயிற்சிக்குத் தருகிற, குழாய்க்குள் பந்து எழும்பும் சாதனங்களும் நிறைந்திருந்தன. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்ஸன் ஸ்பைரோமீட்டரைக் கொண்டு 2000 பேருக்கு மேல் அளந்து, உயரத்துக்கும் நுரையீரல் கொள்ளளவுக்கும் உள்ள உறவைக் கண்டார். அவருடைய கருவியின் வாரிசுகள் ஒரு நூற்றாண்டு கழித்து ஒரு ட்யூபாக்காரனின் அறைக்கு வந்து சேர்ந்தன.

இவ்வளவும் தெரிந்தவர் மாணவனிடம் சொன்னது என்ன? தசைகளை நினைக்காதே. பாட்டை நினை, காற்றை விடு, அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கும்போதும் நிற்பவனைப்போல் உட்கார். எந்தக் கணமும் எழக்கூடிய நிலையில் முதுகு இருக்கட்டும். கூன் விழுந்தால் விலா அசைய இடமிராது; மார்பை விறைத்தாலும் இடமிராது. அதற்குமேல் உடம்பு தன் வேலையைத் தானே அறியும். எழுப்ப வேண்டிய ஒலி மனத்தில் முழுமையாக ஒலித்தால், அதற்கு வேண்டிய அழுத்தத்தையும் அசைவையும் உடம்பு கண்டுகொள்ளும். அவர் தன் கைப்பட நூல் எதையும் எழுதவில்லை. அவர் போதனைகளைத் தொகுத்து ப்ரையன் ஃப்ரெட்ரிக்ஸன் 1996இல் வெளியிட்ட நூலின் தலைப்பே பாட்டும் காற்றும் என்பதுதான்.

அலெக்ஸாண்டர் இலக்கை மற, வழியைக் கவனி என்கிறார். ஜேக்கப்ஸ் வழியை மற, இலக்கைக் கேள் என்கிறார். இரண்டு பேரும் வெற்றி பெற்ற ஆசிரியர்கள். யார் சொல்வது சரி?

6

இவர்கள் முரண்படவில்லை என்று சமரசம் பேசுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. ஆனால் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். செய்கிறவனின் உள்ளுணர்வு, தான் என்ன செய்கிறேன் என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சி அல்ல. இதுவே அந்த இடம். அலெக்ஸாண்டர் வெளியிலிருந்து சாட்சியைக் கொண்டுவந்தார்: கண்ணாடி, பிறகு ஆசிரியரின் கை. ஜேக்கப்ஸும் வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்: காது, மற்றும் பந்து எழும்பும் அந்தக் குழாய். வாசிப்பவனுக்குச் சொந்தமானதாயினும், அவன் எழுப்பிய ஒலியை வெளியே போன பொருளாகக் கேட்கக்கூடியது அவன் காது ஒன்றுதான். தசை பொய் சொல்லும், ஒலி சொல்லாது.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. பழக்கம் கெட்டுப்போனவனிடம் பாட்டை நினை என்று மட்டும் சொன்னால் பயன் இல்லை. வாத்தியத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பழைய உடம்பு திரும்பி வந்துவிடும். ஜேக்கப்ஸ் இதை அறிந்திருந்தார். அதனால்தான் மாணவனை வாத்தியத்திலிருந்து பிரித்து, அவனுக்குப் பழக்கமே இல்லாத குழாயையும் பையையும் கொடுத்து ஊதச் சொன்னார். பழக்கமில்லாத பொருளில் பழைய வழக்கம் பிடித்துக்கொள்ள இடமில்லை. அங்கே புது மூச்சு வந்தபின் அதை வாத்தியத்துக்குக் கொண்டுபோனார். இது அலெக்ஸாண்டரின் நிறுத்தத்தைத் தவிர வேறென்ன? ஆனால் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவனிடம் இசை இல்லை. தன் கழுத்து எங்கே இருக்கிறது என்பதை 10 வருஷமாகக் கவனித்துக்கொண்டிருக்கும் ட்ரம்பெட்காரனைக் கேட்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆகவே கடைசிச் சொல் ஜேக்கப்ஸுடையது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை, தசைகளை முதலில் அறிந்து பிறகு மறந்தவருக்கு மட்டுமே உண்டு. அறியாமலே மறந்தவன் வெறும் அறியாதவன்.

நமக்கு இதில் என்ன? 1950இல் சார்ல்ஸ் ஓல்ஸன் கவிதை வரியின் அளவு கவிஞனின் மூச்சு என்று ஒரு கட்டுரையில் அறிவித்தார். அதன் எதிரொலிகள் நம்மிடமும் கேட்டதுண்டு. யாப்பைக் கைவிட்டவனுக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது, மூச்சு கிடைத்தது. உதரவிதானத்தால் ஊது என்பதைப்போலவே இதுவும் ஒரு படிமம். பயனுள்ள படிமமாக இருக்கலாம். ஆனால் அது கவிதை எப்படி உண்டாகிறது என்பதன் விவரணை அல்ல. ஒரு கவிஞன் தன் உத்தியைப் பற்றிச் சொல்வதை அவன் கவிதைக்குச் சாவியாக எடுத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. முன்னுரைகளையும் பேட்டிகளையும் மேற்கோள் காட்டிக் கவிதையை நிரூபிக்கிறோம். வாட்ஸனும் ஹிக்ஸனும் கேட்ட பாடகர்களைப்போல் அவனும் நேர்மையாகவே தவறாகச் சொல்லக்கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. மறுபுறம், அவன் கொள்கை தவறென்று காட்டிவிட்டால் கவிதையும் விழுந்துவிட்டதாகக் கொண்டாடுகிறோம். இரண்டும் ஒரே பிழைதான்.

அர்பானின் நூலில் அந்த வரிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கின்றன. கடைசிப் பகுதியில் 14 தனிப்பயிற்சிகளும், வெனிஸ் திருவிழா மெட்டின் மேல் அவர் எழுதிய மாறுபாடுகளும் வருகின்றன. அவற்றை வாசிக்க எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும், எப்படிச் செலவிட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஸ்வரங்களின் நீள அகலத்திலேயே அமைந்திருக்கிறது. வயிறு மேலேற வேண்டும் என்று எழுதிய கைதான் அவற்றையும் எழுதியது. மூச்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது முழுவதும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. முன்பகுதியில் இருப்பது அவர் படித்த பள்ளிக்குத் தெரிந்தது.